தட்டின் ஓரத்தில் ஒதுங்கும் காய்

தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் மதிய உணவில் 50 கிராம் காய்கறி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம் என்பது மத்திய அரசின் பிஎம் போஷண் திட்டம் வகுத்திருக்கும் அளவு. 6 முதல் 9 வயது வரை நாளொன்றுக்கு 350 கிராமாவது, 10 வயதுக்கு மேல் 400 கிராமாவது காயும் பழமும் சேர்த்து உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வழிகாட்டியது. உருளைக்கிழங்கு போன்ற மாவுக்கிழங்குகள் இந்தக் கணக்கில் வரா. ஆக, ஒரு சிறு குழந்தைக்கு வேண்டியதில் ஏழில் ஒரு பங்கு பள்ளியின் மதியச் சமையலில் கிடைக்கிறது. அந்தப் பங்கும் பல நாள் வயிற்றுக்குப் போவதில்லை. சாம்பாரிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுங்கி, கழுவும் இடத்துத் தொட்டியில் போய்ச் சேர்கிறது. காய்கறி வழங்குவது அரசின் வேலை. அதைக் குழந்தை விரும்பித் தின்னும்படி செய்வதில் பெரும்பங்கு வகுப்பறையுடையது.

தமிழ்நாட்டில் பள்ளி உணவுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. நீதிக் கட்சிக் காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவாக விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவானது. பிறகு முட்டை வந்தது, முட்டை உண்ணாதவர்க்கு வாழைப்பழம் வந்தது, 2013க்குப் பின் கலவை சாதங்கள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறி சாம்பாரையும் காலையிலேயே தட்டுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் அது நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற தோல் தொழில் ஊர்களுக்கு இந்த நீட்டிப்பு முக்கியமானது, ஏனெனில் அங்கே உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஏராளம்.

இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டை ஆலைச் சங்கு தீர்மானிக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணி ஆலைகளில் தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். விடியும் முன் சமையலை முடித்து ஆலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் தாய்க்கு அவரைக்காய் நாரெடுக்கவோ, கீரை ஆயவோ நேரமில்லை. டப்பாவில் எலுமிச்சைச் சாதமும், கையில் தின்பண்டத்துக்கு ஐந்தோ பத்தோ ரூபாயும் கொடுத்து அனுப்புகிறாள். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் அந்தக் காசுக்கு மொறுமொறுப்பான பாக்கெட் சுலபமாகக் கிடைக்கும். அதே காசுக்குக் கொய்யாவும் வாங்கலாம் என்றாலும், குழந்தையின் கை பாக்கெட்டைத்தான் தேடும். இதைத் தாயின் குறையாகப் பேசுவது அநியாயம். நாளின் பெரும்பகுதி பிள்ளை இருக்கும் இடமான பள்ளிதான் இங்கே கைகொடுக்க முடியும்.

வகுப்பறைகளில் காய்கனிப் படங்களுக்குப் பஞ்சமில்லை. கேரட் கண்ணுக்கு நல்லது, கீரை இரத்தத்துக்கு நல்லது என்று எந்தக் குழந்தையும் ஒப்பிக்கும். ஒப்பித்துவிட்டு மதியம் கேரட்டை ஒதுக்கும். இனிப்பை நாடுவதும் கசப்பை விலக்குவதும் மனிதக் குழந்தைக்குப் பிறவிக் குணம்; தெரியாத உணவைக் கண்டு பின்வாங்குவது இரண்டு வயது முதல் ஆறு வயது வரை மிகுந்திருக்கும். இந்தத் தயக்கத்தை அறிவுரை கரைப்பதில்லை, பழக்கம் கரைக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980களில் தொடங்கி நடத்திய ஆய்வுகளும் அவற்றைத் தொடர்ந்தவையும், ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்பதற்கு 8 முதல் 15 முறை வரை அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று காட்டின. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது முறையிலேயே, 'இவனுக்குப் பாகற்காய் ஆகாது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பர்ச் 1980இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு ஆசிரியர்களுக்கு இன்னும் பயன்படும். ஒரு காயை விரும்பும் மழலைப் பள்ளிக் குழந்தையை, வேறொரு காயை விரும்பும் மூன்று நான்கு பிள்ளைகளோடு மதிய உணவுக்கு உட்கார வைத்தார். நான்கே நாட்களில் அந்தக் குழந்தையின் தேர்வு கூட்டாளிகளின் பக்கம் சாய்ந்தது. பெரியவர் பத்து முறை சொல்லி நடக்காததை, பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துத் தின்னும் பையன் செய்துவிடுகிறான். வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை ஆசிரியர் முடிவு செய்தாலே பாதி வேலை முடியும். இதற்குக் காசு தேவையில்லை.

வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்கஸ் லோவும் பாலின் ஹார்னும் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து 'ஃபுட் டூட்ஸ்' என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். காய்கனி தின்று பலம் பெறும் நான்கு சாகசப் பிள்ளைகளின் கதையைக் குழந்தைகள் படக்காட்சியாகப் பார்ப்பார்கள். பிறகு 16 பள்ளி நாட்கள் தினமும் ஒரு காயும் ஒரு பழமும் சுவைப்பார்கள். சுவைத்தவருக்கு ஒட்டுவில்லை, பென்சில் போன்ற சிறு பரிசு கிடைக்கும். அயர்லாந்து இதை 2007 முதல் நாடெங்கும் தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. பரிசு கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. 'காயைத் தின்றால் சாக்லேட்' என்ற பேரம் எதிர்விளைவையே தரும். ஒன்றைத் தின்றால்தான் இன்னொன்று என்று சொல்லும்போது முதலாவதன் மீது குழந்தைக்கு இருந்த விருப்பம் குறைவதை பர்ச் குழுவினரே பதிவு செய்திருக்கிறார்கள். பரிசு தின்பண்டமாக இருக்கக் கூடாது. தட்டைக் காலி செய்ததற்கு அல்லாமல், ஒரு துண்டு சுவைத்துப் பார்த்ததற்கு மட்டும் அது தரப்பட வேண்டும்.

சுவைத்தலைப் பாடமாக்குவதற்கு நல்ல முன்மாதிரி பிரான்சில் இருக்கிறது. ழாக் புய்சே என்ற மது இயல் அறிஞர் 1970களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்த சுவைப் பாடங்களில் 'நல்லது', 'கெட்டது' என்ற பேச்சுக்கு இடமில்லை. என்ன மணம், என்ன ஒலி, நாக்கில் எங்கே உறைக்கிறது என்று குழந்தை விவரிக்க வேண்டும், அவ்வளவுதான். அறுசுவை என்ற பகுப்பைப் பாட்டிகளிடமிருந்தே கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலையாகிவிடும். துணிப் பைக்குள் ஒரு காயைப் போட்டுத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லலாம்: வெண்டையின் சுனை, பீர்க்கின் வரி, புடலின் வழவழப்பு. நெல்லிக்காயைக் கடித்துப் புளிப்பில் முகம் சுளித்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததும் நாக்கில் ஊறும் இனிப்பை வகுப்பே சேர்ந்து கண்டுபிடிக்கலாம். வாழைப்பூவின் துவர்ப்பையும் சுண்டைக்காயின் கசப்பையும் சமைத்து, ஒரு கரண்டி நுனியளவு போதும். பிடிக்கவில்லை என்று சொல்லவும், வாயில் வைத்ததைக் காகிதத்தில் துப்பிவிடவும் குழந்தைக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமை இருந்தால்தான் அடுத்த வாரமும் வாயைத் திறக்கும். அதட்டித் திணிக்கப்பட்ட காய் வாழ்நாள் வெறுப்பாக மாறக்கூடும்.

இதற்குத் தனிப் பாடவேளை ஒதுக்க வேண்டியதில்லை. 2022இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கற்பித்தலே கதை, பாட்டு, பொம்மலாட்டம், செயல்பாடு வழியாகத்தான் நடக்கிறது. காய்கனி அதற்குள் எளிதாக அடங்கும். தாவரப் பாகங்களைக் கற்பிக்கும் நாளில் ஒரு வாழை போதும்: பூ, காய், பழம், தண்டு எல்லாமே உணவு, இலையே தட்டு. வேருக்கு முள்ளங்கியையும் விதைக்குப் பட்டாணியையும் மேசையில் வைத்தால் பாடம் முழுமையடையும். 50 கிராம் என்பது எவ்வளவு என்று தராசில் பீன்ஸை நிறுத்துக் காட்டுவது அளவைப் பாடம். இன்று எத்தனை பேருக்குக் கொய்யா பிடித்தது, எத்தனை பேருக்குப் பப்பாளி பிடித்தது என்று கரும்பலகையில் கட்டம் வரைந்தால் புள்ளியியல். வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விசாரித்து வந்து வரைபடத்தில் குறித்தால் சமூக அறிவியல். உருது வழிப் பள்ளிகளும் தமிழ் வழிப் பள்ளிகளும் அருகருகே இருக்கும் ஊர்களில் ஒவ்வொரு காய்க்கும் இரண்டு மொழியிலும் பெயரெழுதி ஒட்டினால், பிள்ளைகள் ஒருவர் வீட்டுச் சமையலை மற்றவர் கேட்டறிய வழி திறக்கும்.

கையால் தொட்டு வேலை செய்த காயை வாயில் வைக்கக் குழந்தை அவ்வளவாகத் தயங்காது. முருங்கைக்கீரை உருவுவது, பட்டாணி உரிப்பது, கொத்தமல்லி கிள்ளுவது எல்லாம் கத்தி இல்லாத வேலைகள். முதல் வகுப்புக்கும் ஏற்றவை. மூத்த வகுப்பினர் வெள்ளரியும் பப்பாளியும் நறுக்கலாம். கை கழுவுவதும், பச்சையாகத் தின்பவற்றை நன்றாக அலசுவதும் பாடத்தின் முதல் படி. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முழுத் திராட்சையும் கெட்டியான பச்சைக் கேரட் துண்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், அவற்றை நீளவாக்கில் பிளந்தோ வேகவைத்தோ தர வேண்டும்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் சுவர்ப்படங்களில் முதலிடம் பிடித்திருக்கும் ஆப்பிளைத் தேடிப் போக வேண்டியதில்லை. 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆப்பிளில் இருப்பது மிகச் சொற்பம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க இந்த வைட்டமின் துணைசெய்கிறது. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே கீரை சாதத்தோடு நெல்லிக்காய்த் துண்டு ஒன்று வைப்பது அர்த்தமுள்ள செயல். பருவமும் உதவும். பள்ளி திறக்கும் ஜூனில் நாவல், மழைக்காலத்தில் ஜவ்வாது மலையிலிருந்து சீத்தாப்பழம், பொங்கலை ஒட்டி இலந்தை, ஆண்டு முழுவதும் வாழையும் பப்பாளியும் என்று வட்டாரப் பழங்களுக்கே ஒரு நாட்காட்டி போட்டுவிடலாம்.

பள்ளித் தோட்டம் என்றதும் எல்லோருக்கும் உற்சாகம் வரும். தான் விதைத்த வெண்டையைப் பறிக்கும் பிள்ளை அதைத் தின்னாமல் விடாது. 2019இல் மத்தியக் கல்வித்துறையும் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தின் பாலாற்றங்கரையில் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் மண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். பதப்படுத்தும் தோலுக்கு உப்பும் குரோமியமும் தேவை. அந்தக் கழிவு பல பத்தாண்டுகள் நிலத்திலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பை எடுத்துக்காட்டியது. எல்லாப் பள்ளி வளாகமும் கெட்டுப்போயிருக்கிறது என்று இதற்குப் பொருளல்ல. சோதிக்காமல் விதைக்கக் கூடாது என்பதே பொருள். வழக்கமான மண் பரிசோதனை உப்பையும் உரச்சத்தையும் காட்டும். கன உலோகங்களுக்குத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம். ஐயமிருந்தால் தரையை விட்டுவிட்டு, தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் நல்ல மண்ணும் நிரப்பிய வளர்பைகளில் பயிரிடுவது மேல். பாசனத்துக்குக் கிணற்று நீருக்குப் பதில் சேமித்த மழைநீர் நல்லது. இலைக் காய்கறிகளும் கிழங்குகளும் மண்ணின் உலோகத்தைப் பொதுவாக அதிகம் ஏற்கும், காய்க்கும் செடிகளில் அது குறைவு. அதனால் தொடக்கத்தில் வெண்டை, தக்காளி, கத்தரி போதும். மண் சோதனை அறிக்கையைப் பிள்ளைகளே படித்து விவாதிப்பது, தம் ஊரைப் பற்றி அவர்கள் கற்க வேண்டிய அவசியமான பாடம்.

கத்தரி இந்த மண்ணுக்குச் சொந்தமானது. அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியில் விளையும் முள் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் புளிப்பான கத்திரிக்காயும் வெங்காயப் பச்சடியும் இல்லாத பந்தி கிடையாது. அதே கத்தரி சாம்பாரில் குழைந்து மிதந்தால் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். ஆக, பிரச்சினை காயில் மட்டும் இல்லை, பக்குவத்திலும் இருக்கிறது. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் வகுப்பறைக்கு வந்து, எந்தப் பக்குவம் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று கேட்டு, கிடைக்கும் 50 கிராமைக் குழையவிடாமல் தனிப் பொரியலாகவோ கூட்டாகவோ செய்து பார்க்கலாம். ஜப்பானில் 2005இல் உணவுக் கல்விக்கென்றே சட்டம் இயற்றினார்கள். அங்கே பிள்ளைகளே பரிமாற, ஆசிரியரும் வகுப்பறையிலேயே அமர்ந்து அதே உணவை உண்கிறார். ஆசிரியர் பொரியலை ரசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பாடமே.

செய்யக் கூடாத ஒன்று, சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்து 'காய் இல்லையா?' என்று எல்லோர் முன்னும் கேட்பது. வேலைக்குப் போகும் தாயும் தலைகுனியும் குழந்தையும் அதனால் பள்ளியிடமிருந்து விலகிப் போவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கும் அதே சுவைத்தலை நடத்திக் காட்டலாம். வாரத்தில் ஒரு நாள் ஆளுக்கொரு பழம் என்று ஊர் வியாபாரிகளிடம் கேட்டுப் பெறலாம்.

பலன் கிடைத்ததா என்பதைப் பாட்டுப் பாடியதை வைத்தோ படம் வரைந்ததை வைத்தோ அளக்க முடியாது. தொடங்கும் முன் ஒரு வாரம், மதியம் ஒதுக்கப்படும் காயைத் தனிப் பாத்திரத்தில் சேர்த்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று சாப்பிட்டவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எத்தனை கிராம் வீணானது என்று தெரியும். பருவத்தின் நடுவில் ஒரு முறை, இறுதியில் ஒரு முறை, அதே காய் சமைக்கும் நாட்களில் மீண்டும் நிறுக்க வேண்டும். எடை குறையாத காய் எதுவோ, அதன் பக்குவத்தை மாற்றி அடுத்த பருவத்தின் சுவைப் பட்டியலில் முதலில் சேர்க்கலாம்.