உடலினுள் எட்டிப் பார்க்கும் விளக்கு

“ஸ்கோப் வைத்துப் பார்த்துவிடுவோம்” என்று மருத்துவர் கூறியவுடன் பல இல்லங்களில் அச்சம் குடிபுகுந்துவிடுகின்றது. குழாயை விழுங்குவதா? மூச்சு அடைத்துவிடாதா? அறுவை செய்யத்தான் இந்த முன்னேற்பாடோ? இவற்றுக்கு விடை தேடாமலேயே, வாயு மாத்திரையிலும் சீரகத் தண்ணீரிலும் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. சோதனையால் வரும் சிறு துன்பத்தைவிட, அதற்கு அஞ்சி நாள் கடத்துவதால் வரும் துன்பமே பெரிது. ஆகவே இக்கருவியைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

வாள் விழுங்கியவர் காட்டிய வழி

உடலின் உட்புறத்தைக் கண்ணால் காண வேண்டும் என்னும் வேட்கை பழையது. 1806-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் பொட்சீனி, மெழுகுவர்த்தியின் சுடரைக் கண்ணாடியில் எதிரொளிக்கச் செய்து, உடலின் துவாரங்களுள் செலுத்தும் கருவி ஒன்றை அமைத்தார். 1868-இல் அதே நாட்டின் பிரைபர்க் நகரில், அடோல்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் உதவியை நாடினார். தலையை நன்கு பின்னே சாய்த்தால் வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றன அல்லவா? ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் நீளமுள்ள விறைப்பான உலோகக் குழாய் ஒன்றை அம்மனிதர் விழுங்கிக் காட்டினார். குழாய் இறங்கியது, ஆனால் உள்ளே பார்ப்பதற்கு வெளிச்சம் போதவில்லை. மேலும், நோயாளிகள் எல்லோரும் வாள் விழுங்குபவர்கள் அல்லரே! வளையும் குழாய் வேண்டும். அதனோடு வளைந்து செல்லும் ஒளியும் வேண்டும்.

வளைந்து சென்ற ஒளி

நேர்க்கோட்டில் செல்லும் ஒளியை வளைத்துச் செலுத்த உதவியது கண்ணாடி இழை. மயிரினும் மெல்லிய இழையின் ஒரு முனையில் புகும் ஒளி, பக்கச் சுவர்களில் மீண்டும் மீண்டும் முழு அக எதிரொளிப்புப் பெற்று, இழை எப்படி வளைந்தாலும் மறுமுனைக்கு வந்து சேர்கின்றது. பல்லாயிரம் இழைகளை இரு முனைகளிலும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டால், ஒவ்வோர் இழையும் ஒரு புள்ளியைச் சுமந்து வர, முழுப் படமும் மறுமுனையில் தோன்றும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்டு ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நம் நாட்டு அறிஞர் நரீந்தர் சிங் கப்பானியும் 1954-இல் இதனை உலகுக்கு அறிவித்தனர்.

அந்த அறிக்கையைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரைப்பைக்கான வளையும் கருவியை உருவாக்க முனைந்தார். இழைகள் ஒன்றோடொன்று உரசுமிடத்தில் ஒளி கசிந்தது. ஒவ்வோர் இழைக்கும் வேறுவகைக் கண்ணாடியால் உறையிட்டு அக்குறையைத் தீர்த்தவர் லாரன்ஸ் கர்ட்டிஸ் என்னும் மாணவர். 1957-இல் கருவி தயாரானதும், அதை முதலில் விழுங்கியவர் நோயாளி அல்லர். ஹிர்ஷோவிட்சே தம் தொண்டையில் அதைச் செலுத்திக்கொண்டார். அதன் பின்னரே நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தினார். இன்றோ குழாயின் நுனியிலேயே நுண்ணிய காமிரா அமர்ந்து, உட்புறக் காட்சியைத் திரையில் காட்டுகின்றது.

பார்ப்பதோடு நிற்பதில்லை

அக்குழாயினூடே மெல்லிய கம்பிகளைச் செலுத்த வழி உண்டு. இரத்தம் கசியும் புண்ணை அடைக்கலாம். குழந்தை விழுங்கிய நாணயத்தை எடுக்கலாம். ஐயத்திற்குரிய இடத்தில் கடுகளவு சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பலாம்.

அவ்வாறு கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகளே ஒரு பெரும் உண்மையை வெளிப்படுத்தின. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், உயிர்ப்புத் திருநாள் விடுமுறையால் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள்கள் சோதனைச் சாலையில் விடப்பட்ட தட்டுகளில் ஒரு நுண்கிருமி வளர்ந்திருந்தது. வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என எண்ணியிருந்த காலம் அது. பெரும்பாலான புண்களுக்கு அக்கிருமியே காரணம் என நிறுவிய பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆண்டுக்கணக்கில் வாட்டிய புண், இன்று சில வார மருந்தால் குணமாகின்றது.

சோதனை நாளன்று

இரைப்பைச் சோதனைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருத்தல் வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பர். இடப்பக்கமாகப் படுக்க வைப்பர். சுண்டுவிரல் பருமனுள்ள குழாய் உணவுக்குழாய் வழியே இறங்குவதால் மூச்சுக்குழல் அடைபடுவதில்லை. சிறிது குமட்டலும் ஏப்பமும் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பெருங்குடல் சோதனைக்கு முன்னதாகப் பேதி மருந்து கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்வர். பலருக்கும் சோதனையைவிட இதுவே சிரமம். குடலில் துளை விழுதல், இரத்தக் கசிவு போன்ற தீங்குகள் உண்டெனினும் அவை அரியவை. நீரிழிவுக்கோ, இரத்தம் உறையாதிருக்கவோ மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும்.

வெட்கம் வேண்டாம்

விழுங்குவதில் தடை, கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், சோகை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்தலாகாது. மலத்தில் இரத்தம் கண்டால், “மூலமாகத்தான் இருக்கும்” என்று தாமே தீர்ப்புக் கூறி, வெட்கத்தால் வீட்டாரிடமும் மறைப்போர் பலர். பெருங்குடற் புற்றுநோயோ பெரும்பாலும் சிறு முளையாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகின்றது. அம்முளையை ஸ்கோப்பின் வழியே கம்பி வளையத்தால், வயிற்றைக் கீறாமலேயே நீக்கிவிட முடியும். அந்த ஆண்டுகளே நமக்குக் கிடைத்திருக்கும் தவணை.

நம் வீட்டுப் பெரியவர்கள் தம் வலியை எளிதில் வெளியே சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைப்பானேன் என்று அடக்கிக்கொள்வார்கள். இன்று இரவு உணவின்போது அவர்கள் அருகில் அமர்ந்து, “சாப்பாடு சரியாக இறங்குகிறதா?” என்று அன்போடு கேளுங்கள். தேவையாயின் சோதனை நாளன்று உடன் சென்று காத்திருங்கள். உள்ளே செல்லும் விளக்கு நோயைக் காட்டும். அதுவரை செல்லும் துணிவை அவர்களுக்குத் தர வேண்டியவர்கள் நாம்தாம்.