கடற்கோட்டை

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் நின்று நாற்றிசையும் நோக்குவோர்க்குக் குன்றென்று சொல்லத்தக்க மேடு ஒன்றேனும் தென்படாது. கடலும் பனையும் தாழ்ந்த கரையுமே காட்சி. மலையற்ற இந்நாட்டில் அரண் அமைக்க முற்பட்டவர்கள் மலைக்கு ஈடாகக் கடலைக் கொண்டனர்.

செஞ்சிக் கோட்டையை நினைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். அங்கே மூன்று குன்றுகளை மதில்கள் இணைக்கின்றன. முகலாயப் படை 1690ஆம் ஆண்டு தொடங்கி 1698 வரை முற்றுகையிட நேர்ந்ததற்கு மதிலின் உயரம் மட்டும் காரணமன்று. உள்ளே குளங்களும் இருந்தன. அரணுக்கு உயிர் நீரே.

குறிகட்டுவானிலிருந்து படகேறினால் நெடுந்தீவில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் இடிபாட்டைக் காணலாம். தீவிற் கிடைக்கும் முருகைக்கல்லால் எழுப்பிய கட்டடம் அது. ஆயினும் கடலரண் என்பதன் பொருளை முழுமையாய் உணர்த்துவது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, நீர் நடுவிலே நிற்கும் கடற்கோட்டையே. புங்குடுதீவிலிருந்து தாம்போதி வழியே வேலணை சென்று, ஊர்காவற்றுறையை அடைந்து, காரைநகருக்குப் 'பாதை'யில் கடப்போர் அதனை நன்கு காணலாம்.

யாழ்ப்பாண அரசை 1619இல் கைப்பற்றிய போர்த்துக்கேயரே இதனையும் கட்டினர். யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் செல்லும் வாயிலைக் காப்பது அவர் நோக்கம். அமைப்பு ஏறத்தாழ எண்கோணம். முருகைக்கல் மதில் நேரே கடலினின்று எழுகின்றது. அகழி வெட்டும் வேலையே இல்லை. ஏணி சார்த்தவும் சுரங்கம் தோண்டவும் பகைவனுக்கு நிலமும் இல்லை.

ஆனால், சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு மிடறு இல்லை என்பதே இக்கோட்டையின் குறை. கிணறு தோண்டினால் உவர்நீரன்றி வேறென்ன ஊறும்? 1658இல் ஒல்லாந்தர் வளைத்தபோது, உள்ளிருந்த படையினர் நன்னீரின்றிப் பணிந்தனர். மதிலை வென்றது பீரங்கி என்பதினும் தாகம் என்பதே பொருந்தும். யாழ்ப்பாணக் கோட்டையும் அவ்வாண்டு சூன் மாதத்தில் வீழ்ந்தது.

வென்றவர் அப்பாடத்தை மறக்கவில்லை. கோட்டையைத் திருத்திக் கட்டியதோடு மழைநீரைத் தேக்கத் தொட்டியும் அமைத்தனர். ஆமன்கீல் என்று அவர்கள் இட்ட பெயருக்குப் பன்றித் தொடையின் குதிகால் என்பது பொருள். இலங்கையின் வடிவம் அத்தொடையை ஒத்ததாக அவர்களுக்குத் தோன்றிற்றாம். கடற்கோட்டை என்ற தமிழ்ப்பெயரே இடத்துக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை.

1795இல் யாழ்ப்பாணத்தோடு இதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பிற்காலத்தில் சிறையாகவும் பயன்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டோர் சிலர் இங்கு அடைக்கப்பட்டனர். பகைவனை வெளியே நிறுத்தக் கட்டிய நீர்வேலி, உள்ளிருப்போரைத் தப்பவிடாமல் காக்கவும் உதவியது. உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின், இலங்கைக் கடற்படை இதனை விருந்தினர் விடுதியாக மாற்றியது.