சிக்கனத்திலிருந்து ஒரு பாணி: ஒசாமு தெசாகி

ஜப்பானியத் தொலைக்காட்சி அசைவூட்டத்தின் போக்கை வகுத்த தொடர், 1963 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘அஸ்ட்ரோ பாய்’ ஆகும். ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் நிறுவனம் அதை வாரந்தோறும் குறைந்த செலவில் தயாரித்தாக வேண்டியிருந்ததால், திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினாலும், ஒவ்வொரு ஓவியத்தையும் மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, எட்டு ஓவியங்களிலேயே ஒரு நொடியைக் கடத்தும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதே ஆண்டில் அந்நிறுவனத்தில் சேர்ந்த ஒசாமு தெசாகி (பெயர் ஒற்றுமை தற்செயலானது, இருவரும் உறவினர் அல்லர்), பிறர் குறையென்று கருதிய இந்த அசைவின்மையிலிருந்தே தமக்கான பாணியை உருவாக்கினார்.

1943இல் டோக்கியோவில் பிறந்து, பள்ளி நாட்களிலேயே சித்திரக்கதை வரைந்த தெசாகி, 26ஆம் வயதில் ‘அஷிதா நோ ஜோ’ என்னும் குத்துச்சண்டைத் தொடரின் இயக்குநரானார். 1970 முதல் 1971 வரை 79 பகுதிகளாக வந்த அத்தொடரிலும், 1973இல் வந்த டென்னிஸ் தொடரான ‘ஏஸ் ஓ நெராயே’யிலும் அவருடைய உத்திகள் படிப்படியாக உருப்பெற்றன. அவற்றுள் முதன்மையானது, உணர்ச்சி உச்சத்தை எட்டும் கணத்தில் காட்சியை உறையவைப்பதாகும்: ‘செல்’ எனப்படும் ஒளி ஊடுருவும் தாளில் தட்டையான வண்ணத்தில் தீட்டப்பட்ட உருவம், அக்கணத்தில் தூரிகைத் தடங்கள் தெரியும் முழு ஓவியமாக மாறி நிற்கும். ஒரே அசைவை மும்முறை அடுத்தடுத்துக் காட்டுவது, திரையைப் பல துண்டுகளாகப் பிரிப்பது, ஓவியத்தின் அடியிலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சிப் படமெடுத்து நீரையும் வெயிலையும் மின்னச் செய்வது ஆகியனவும் அவரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. இவை பிற்காலத்தில் சில இடங்களில் வெறும் பழக்கமாகத் தேய்ந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

முஷி நிறுவனம் 1973இல் திவாலாவதற்கு முந்தைய ஆண்டே, தெசாகியும் மசாவோ மருயாமா உள்ளிட்ட சகாக்களும் ‘மேட்ஹவுஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். பாத்திரங்களின் தோற்றத்தை வடிவமைத்த அகியோ சுகினோ பல பத்தாண்டுகள் அவருடன் பணியாற்றினார். இயக்குநரின் ஒளி, நிழல் நாட்டத்துக்கு ஏற்ற கோடு சுகினோவின் கையில் இருந்தது. ‘ரெமி’ (1977), ‘புதையல் தீவு’ (1978) ஆகிய தொடர்கள் இக்கூட்டணியின் முதிர்ந்த படைப்புகள்.

பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்ட ‘வெர்சாய் ரோஜா’ (1979–80) தொடரின் நிலை வேறு. ரியோகோ இக்கேதாவின் சித்திரக்கதையை ததாவோ நகாஹாமா அரங்கப் பாங்கான ஆடம்பரத்தோடு இயக்கிவந்த நிலையில், பாதி வழியில் அப்பொறுப்பு தெசாகியிடம் வந்தது. அவர் அரண்மனைப் பகட்டைக் குறைத்து, பாரிஸ் தெருக்களின் பசியையும் அங்கே இசைத்துத் திரியும் அக்கார்டியன் கலைஞனையும் கதைக்குள் கொண்டுவந்ததால், தொடரின் தொனியே இருண்டது. மூலக்கதையின் அன்பர்களுக்கு இம்மாற்றம் உவப்பாக இல்லாமல் போகலாம். எனினும், புரட்சி ஏன் வெடித்தது என்பதைக் கண்ணால் காணச்செய்தது இப்பிற்பகுதியே.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ‘மைட்டி ஆர்பாட்ஸ்’ (1984) உள்ளிட்ட தொடர்களையும் இயக்கிய தெசாகி, 2011 ஏப்ரலில் 67ஆம் வயதில் காலமானார். இயக்குநர் என்பவர் ஒரு தொடரில் எதைத்தான் மாற்றுகிறார் என்று ஐயுறும் வாசகர், ‘வெர்சாய் ரோஜா’வின் 18ஆம் பகுதியையும், தெசாகி பொறுப்பேற்ற 19ஆம் பகுதியையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.