மாப்பிள்ளைக் காரின் கொக்கி

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் பழைய திறந்த காரைக் காணாதவர் நம் நாட்டில் அதிகம் இருக்க மாட்டார்கள். முன்னே மேளமும் நாயனமும் முழங்க, இருபுறமும் விளக்குகள் நகர, கழுத்துக்கு மீறிய மாலைகளோடு மாப்பிள்ளை வீற்றிருக்கும் அந்த வாகனங்களில் இரண்டு ஜாதி உண்டு. சாதாரண மூடு காரின் தகரக் கூரையை அறுத்தெறிந்து உண்டாக்கப்பட்டவை ஒரு ஜாதி. வேண்டும்போது விரிக்கவும் வேண்டாதபோது மடக்கவும் தக்க துணிக்கூரையோடு தொழிற்சாலையிலிருந்தே புறப்பட்டவை மற்றொரு ஜாதி. முன்னதற்கு மழை வந்தால் கதியில்லை. பின்னதற்குக் கதி உண்டு. ஆனால் அது, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு கொக்கிப் பூட்டுகளின் தயவைப் பொறுத்தது.

கூரைத் துணியைத் தாங்கும் வளைவுகளில் முதலாவது, முன்கண்ணாடிச் சட்டத்தின்மேல் வந்து அமர்கிறது. வெறுமனே உட்கார வைத்தால் போதாது. கார் வேகமெடுக்கும்போது மேலே விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளேயுள்ள காற்று துணியை உப்பவைத்து மேலே தூக்கப் பார்க்கும். அந்த இழுப்பையும், விரித்த துணியின் இறுக்கத்தையும், இடையே நசுங்கிக் கிடக்கும் ரப்பர் பட்டையின் எதிர்ப்பையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு, பள்ளத்தில் கார் விழுந்து எழுந்தாலும் தானாகத் திறந்துகொள்ளாமல், மனிதனுடைய விரல்களுக்கு மட்டும் இணங்கித் திறக்க வேண்டும் என்பதே அந்தக் கொக்கிக்கு இடப்பட்ட கட்டளை.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தின் முதல் முகூர்த்தம் ஒன்றுக்காகச் சின்னசேலம் வட்டத்திலுள்ள நைனார்பாளையத்துக்குச் சென்றிருந்தபோது, அந்தக் கட்டளையைக் கொக்கி மீறிவிட்ட காட்சியைக் காண நேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, கல்யாணமே நடக்காத மார்கழி முழுவதும் கூரை விரித்தபடி கொட்டகையில் கிடந்த ஒரு பழைய அமெரிக்க வண்டி பந்தல் வாசலில் வந்து நின்றது. கூரையை மடக்க டிரைவர் முயன்றபோது வலப்பக்கக் கொக்கி திறந்தது. இடப்பக்கக் கொக்கி அசையவில்லை. அவர் இழுத்தார், பிறகு ஸ்பானரை நுழைத்து நெம்பினார், கடைசியில் சுத்தியல் கேட்டார். நல்லவேளையாக, கல்யாண வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பார்க்க வந்திருந்த பம்ப்செட் மெக்கானிக் ஒருவர் குறுக்கே வந்தார். செல்போன் வெளிச்சத்தில் கொக்கியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இழுக்காதீங்க. மேல கைய வச்சு அமுக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் யந்திர சாஸ்திரத்தின் ஒரு சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. வீட்டிலுள்ள தகர டிரங்குப் பெட்டியின் பக்கக் கொண்டியை நினைத்துப் பாருங்கள். வளையத்தை மேல்மூடியின் கொக்கியில் மாட்டி நெம்புகோலை அழுத்தத் தொடங்கினால், முதலில் இலேசாக வரும். பாதியில் மிகவும் கடினமாகும். அதன்பின் திடீரென்று 'டக்' என்ற ஓசையுடன் தானே போய்ப் பெட்டியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நெம்புகோல் சுழலும் அச்சு ஒன்று, வளையம் நெம்புகோலோடு சேரும் முளை ஒன்று, வளையம் மாட்டியிருக்கும் கொக்கிமுனை ஒன்று என இதில் மூன்று புள்ளிகள் உண்டு. நடுவிலுள்ள முளை, மற்ற இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டை நெருங்க நெருங்க இழுப்பு உச்சத்தை அடைகிறது. கோட்டைக் கடந்து மறுபக்கம் ஓரிரு மில்லிமீட்டர் போய்விட்டாலோ, எந்த இழுப்பு இதுவரை நம்மை எதிர்த்ததோ அதே இழுப்பு, நம் கட்சியில் சேர்ந்து பூட்டை மேலும் மூடத் தொடங்கிவிடுகிறது. பலத்தால் அன்றி அமைப்பினாலேயே பூட்டிக்கொள்ளும் யுக்தி இது.

ஆகவே திறப்பதென்றால், அந்த முளையை மறுபடியும் நேர்கோட்டின் உச்சி வழியாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கூரையின் முன்வளைவு இன்னும் ஒரு நூல் அளவு கீழே இறங்கி இடங்கொடுக்க வேண்டும். துணி சுருங்கி, ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தால் அந்த ஒரு நூல் இடம் கிடைக்காது. கயிற்றுக் கட்டில் நனைந்தால் விறைத்து முறுக்கேறுவதை அறிந்தவர்களுக்கு, பருத்திக் கித்தான் மழைக்குப் பின் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பூட்டை இழுப்பது, அது இழுபடும் திசையிலேயே நாமும் சேர்ந்து இழுப்பதாகும். மேலிருந்து கூரையை அமுக்கினாலோ, கொக்கியின் மேலுள்ள சுமை நீங்கிவிடுகிறது.

இந்த யுக்தி நம் சாலைகளுக்குப் புதியதன்று. கல்வராயன் மலைமேல் ஏறி இறங்கும் பழைய ஜீப்புகளின் பானெட்டை இருபுறமும் பிடித்திருப்பது இதே இனத்துக் கொண்டிதான். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ஹெரால்டு காரிலோ, இத்தாலிய நிபுணர் மிக்கெலோட்டி வகுத்த உருவத்தின்படி, மட்கார்டு, விளக்கு உட்பட முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அவ்வளவு பெரிய தகரத்தையும் பிடித்து நிறுத்தியவை பக்கத்துக்கு ஒன்றான இரண்டு கொக்கிகளே. இங்கிலாந்தில் 1959-இல் பிறந்த அந்த ஹெரால்டுக்கு மறு ஆண்டே திறந்த வடிவமும் வந்தது.

சுமை நீங்கியும் சில கொக்கிகள் அசைவதில்லை. அங்கே குற்றவாளி துரு. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்வதால், துளைக்குள் சுழல வேண்டிய முளை ஆப்பு அறைந்ததுபோல் இறுகிவிடுகிறது. கைப்பிடி பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் பூசியது. ஈரத்தில் இரும்பு முளையோடு உரசிக் கிடந்தால் துத்தநாகமே முதலில் அரிக்கப்பட்டு வெண்பொடியாகப் பூக்கும். நைனார்பாளையத்து மெக்கானிக் வெளிச்சத்தில் கண்டதும் அந்த வெண்பொடியைத்தான். இவ்வகை வார்ப்பு சுத்தியலடிக்கு வளையாது, உடைந்துவிடும். கேஸ் விளக்கால் சூடாக்கலாமென்றால், துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகுவது ஒருபுறமிருக்க, நான்கு விரற்கடை தூரத்தில் துணி இருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிவைப்பதும், மண்ணெண்ணெயில் சிறிது என்ஜின் ஆயில் கலந்து முளையின் இரு முனைகளிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, கூடுமானால் ஓர் இரவு பொறுத்திருப்பதுமே உசிதம். பிறகு கைப்பிடியைத் திறக்கும் திசையில் மட்டுமன்றி, முதலில் மூடும் திசையிலும் மெல்ல அசைக்க வேண்டும். துருவின் பிடி விடுவது பெரும்பாலும் அந்த முன்னும்பின்னுமான அசைவில்தான்.

தேங்காயெண்ணெய் விடுவது நம்மிடையே பரம்பரை வழக்கம். நான் அதற்கு விரோதி. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்பதை மார்கழிக் காலையில் குளியலறைச் சீசாவே காட்டும். உறைந்த எண்ணெயும் சாலைப் புழுதியும் சேர்ந்தால் முளைக்குக் கிடைப்பது களிம்பேயன்றி வழுவழுப்பல்ல.

திறந்தபின் ஒரு காரியம் பாக்கியுண்டு. பல கார்களில் கொக்கியின் தண்டு மரையிட்டதாயிருக்கும். துணி சுருங்கிய அளவுக்கு அதை அரைச் சுற்று, ஒரு சுற்று என்று வெளியே திருகி நீட்ட வேண்டும். இரு பக்கமும் சமமாக நீட்டாவிட்டால் ஒரு கொக்கி மற்றதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து, அடுத்த மழைக்குள் அதுவும் சிக்கிக்கொள்ளும்.

அன்றைக்கு இரண்டு பையன்கள் கூரைமேல் கைவைத்து அமுக்க, மெக்கானிக் இரண்டு விரலால் கைப்பிடியைச் சற்று முன்னும் பின்னும் ஆட்டித் தள்ள, கொக்கி திறந்துகொண்டது. நாயனக்காரர் ஏற்கெனவே தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தார். இப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: மழைக்காலத்திலும் மார்கழியிலும் கூரையை விரித்தே வையுங்கள், மடக்கிவைத்தால் துணி சுருங்கும்; ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஊர்வலம் இல்லாவிட்டாலும், இரண்டு கொக்கிகளையும் திறந்து மூடுங்கள்.