வாவித் தீவில் வளர்ந்த சிறுவர்கள்

நாவற்குடாவில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். தோணியும் வலையும் கண்டல் மரங்களும் எமது பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. இதே சூழலில், ஆனால் தென்கரையில், வளர்ந்த இரண்டு சிறுவர்களின் கதையை இவ்விதழில் அறிமுகம் செய்ய விரும்புகின்றோம். அது மார்ட்டின் விக்கிரமசிங்க 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மடோல் தூவ’ என்ற சிங்கள நாவலாகும். தமிழ் உட்படப் பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டுள்ளது. 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார்.

உபாலிக்கு ஏழு வயதில் தாய் இறந்துவிடுகிறாள். தந்தை மறுமணம் செய்கிறார். சிற்றன்னையின் கண்டிப்பும் உபாலியின் குறும்பும் மோதுகின்றன. அவன் வேறிடத்துக்கு அனுப்பப்படுகிறான், அங்கும் நிலைக்கவில்லை. இறுதியில், வீட்டில் வேலைக்கு நின்ற ஜின்னா என்ற சிறுவனோடு ஊரை விட்டு ஓடிவிடுகிறான். இருவரும் ஒரு கமக்காரரிடம் சேர்ந்து உழைக்கிறார்கள். பின்னர் கொக்கல வாவியின் நடுவே ஆளில்லாமல் கிடந்த கண்டல் தீவில் குடியேறி, காட்டை வெட்டிப் பயிர் செய்கிறார்கள். ஆவி ஏற்றும் நெருப்பென்று அஞ்சிய இரவு வெளிச்சம், மனிதன் ஒருவன் மூட்டியதென்பதைக் கண்டறிகிறார்கள். தந்தை நோயுற்ற செய்தி கேட்டு வீடு திரும்பும் உபாலி பழைய குறும்பன் அல்லன். சிற்றன்னைக்கும் தம்பிக்கும் அவன் துணையாகின்றான்.

துன்பம் தானாக வளர்க்குமா?

“கஷ்டப்பட்டால்தான் பிள்ளை உருப்படும்” என்று எம்மவர் சொல்வதுண்டு. இந்நாவலை அதற்குச் சான்றாகக் காட்டுவது தவறாகும். உபாலியையும் ஜின்னாவையும் துன்பம் மட்டும் வளர்க்கவில்லை. அவர்களுக்கு நான்கு கைப்பிடிகள் கிடைத்தன.

முதலாவது, தோழமை. ஜின்னா வேலைக்காரப் பையனாகத் தொடங்கிப் பங்காளியாக உயர்கிறான். இரண்டாவது, வேலையோடு தொழிலையும் கற்றுத்தந்த ஒரு பெரியவர். மூன்றாவது, உழைப்பதற்கு நிலமும் நீரும். நான்காவது, திரும்பி வரும்போது அடைக்கப்படாத வீட்டுக் கதவு. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அச்சிறுவர்களின் கதை வேறாக முடிந்திருக்கக்கூடும்.

விவிலியத்தில் யோசேப்பும் சிறுவயதில் வீட்டை இழந்து, பின்பு தன்னை விற்ற சகோதரர்களுக்கே உணவளித்தவர். எனினும் அவரை விற்றது நன்மை என்று திருமறை கூறவில்லை. தீமையிலிருந்தும் இறைவன் நன்மையை விளைவித்தார் என்றே கூறுகிறது.

எழுதியவரின் வாழ்வு

விக்கிரமசிங்கவும் கொக்கலவில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, படிப்பை இடையில் விட்டுக் கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கொக்கலவில் பிரித்தானிய விமானத் தளம் அமைக்கப்பட்டது. ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவரது பிறந்த வீடு தப்பி நின்றது. இன்று அது நூதனசாலை வளாகத்தில் உள்ளது. ஆகவே, கலைக்கப்பட்ட ஓர் ஊரின் வாவியையும் சிறுபருவத்தையும் அவர் எழுத்தில் மீட்டெடுத்தார் எனலாம். 1978இன் சூறாவளியையும் 1990இன் இடப்பெயர்வையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட எமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

எமது பொறுப்பு

உபாலியின் காலத்தில் ஓடிப்போன பிள்ளை வேலை செய்வதை எவரும் கேள்வி கேட்கவில்லை. இன்று சட்டம் வேறு. 2016 முதல் ஐந்து வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தல் குற்றம். தாய் வெளிநாட்டில் உழைக்க, தந்தை கடலுக்குப் போக, வகுப்பறையை விட்டு இறால் பிடிக்கப் போகும் பிள்ளையைக் கண்டால் “கெட்டிக்காரன்” என்று மெச்சிவிட்டு நகர்வது போதாது. அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்று காரணத்தைக் கேட்டறிய வேண்டும். கொப்பியா, சப்பாத்தா, தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லாமையா? காரணம் தெரிந்தால் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் பங்கு மக்களும் தீர்க்கக்கூடியவை பல.

வாவியில் வலை வீசும் திறமையைப் பிள்ளை விடுமுறையில் தகப்பனிடமோ பாட்டனிடமோ கற்கட்டும். அது எமது சொத்து. பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக அது அமையக் கூடாது என்பதே எமது வேண்டுகோள்.

வாசிகசாலைகளில் இந்நாவலின் தமிழ்ப் பிரதி ஒன்றையேனும் வாங்கி வைக்கலாம். மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் வாரம் ஓர் அத்தியாயமாக உரக்க வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “ஜின்னாவுக்கு யார் பள்ளிக்கூடம் காட்டினார்கள்?” அவர்கள் தரும் பதில், பெரியவர்களாகிய நாமும் சிந்திக்க வேண்டியதாக இருக்கும்.