"இடைமறித்தது" என்ற சொல்லை நம்பும் முன்

வளைகுடாவில் பதற்றம் ஏற்படும்போதெல்லாம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமம் செய்திகளால் நிரம்பிவிடும். "அத்தனை ஏவுகணைகளும் இடைமறிக்கப்பட்டன" என்று ஒருவர் அனுப்புவார். "பாதுகாப்பு முறைமை படுதோல்வி" என்று இன்னொருவர் அனுப்புவார். பிள்ளைகளை அங்கு தொழிலுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் இரண்டையும் வாசித்துத் தவிக்கிறார்கள். சரிபார்க்காமல் நானும் பகிர்ந்திருக்கிறேன். 1991 வளைகுடாப் போர் பற்றி வாசித்த பின்னரே அதை நிறுத்தினேன்.

அப்போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்கா பேட்ரியட் ஏவுகணைகளைப் பயன்படுத்தியது. 42 ஸ்கட்களில் 41 இடைமறிக்கப்பட்டதாக 1991 பெப்ரவரி 15 அன்று ஜனாதிபதி புஷ் கூறினார். 41 ஸ்கட்கள் அழிக்கப்பட்டன என்றே மக்கள் விளங்கிக்கொண்டனர். மறுவருடம் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் இராணுவம் தந்த விளக்கம் வேறு: இரு ஏவுகணைகளின் பாதைகளும் வானில் குறுக்கிட்டன என்பதே "இடைமறிப்பு".

வெடிமுனை அழிந்தது என்பதற்கான மிக வலுவான சான்று ஏறக்குறைய 9 சதவீதமான சந்தர்ப்பங்களில் மட்டுமே இருப்பதாக அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 1992இல் கூறியது. இதை வைத்து "91 சதவீதம் தோல்வி" என்று எழுதினால் அதுவும் பிழை. ஏனையவற்றுக்கு அந்தளவு வலுவான சான்று இல்லை என்று மட்டுமே சொல்லலாம்.

தெளிவற்ற வார்த்தை படையினரையும் விட்டுவைக்கவில்லை. பேட்ரியட்டைத் தொடர்ந்து இயக்கினால் அதன் கணினியில் நேரக் கணிப்பு சிறிது சிறிதாகப் பிழைக்கும். பெப்ரவரி 21 அன்று, "மிக நீண்ட நேரம்" இயக்கினால் சிக்கல் வரலாம் என அறிவித்தல் அனுப்பப்பட்டது. எத்தனை மணித்தியாலம் என்று அதில் குறிப்பிடப்படவில்லை. பெப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் இருந்த முறைமை 100 மணித்தியாலங்களுக்கு மேலாக இயங்கிக்கொண்டிருந்தது. நேரப் பிழை ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கு. ராடார் தவறான இடத்தில் தேடியது. பேட்ரியட் ஏவப்படவே இல்லை. படைமுகாமில் ஸ்கட் விழுந்து 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

இப்போது ஒரு செய்தி வந்தால் மூன்று விடயங்களைப் பார்க்கிறேன். எண்ணிக்கையைச் சொன்னவர் யார்? அவர் எதை எண்ணினார்? அதைச் சுயாதீனமாக யாராவது பரிசோதித்தார்களா? பதில் இல்லையென்றால் பகிர்வதில்லை. மகனின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்க்கு வீண் நம்பிக்கையோ வீண் பீதியோ என் கையால் போய்ச் சேரக்கூடாது.