எட்டு ராணிகள், ஒரே போர்டு... எம்.இ-ல வர்ற 'கன்ஸ்ட்ரெயின்ட்' பாடத்தைப் பார்த்து பயப்படலாமா?

2022-ம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கா? வேட்டி கட்டின குதிரை 'தம்பி', கறுப்பு வெள்ளைக் கட்டமா மாறின நேப்பியர் பாலம்னு நம்ம போன் கேலரி முழுக்க அதுதான். போட்டி நடந்தது மாமல்லபுரத்தை ஒட்டியிருக்கும் பூஞ்சேரியில்.

அங்கே ஆடினவங்களைத் தாண்டி, பலர் கவனிக்காத ஒரு சவால் இருந்தது. ஓப்பன் பிரிவில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட அணிகள். எல்லோரும் எல்லோருடனும் ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்னு மோதினால், ஆறு மாசம் ஆகும். ஆனா, மொத்தமே 11 சுற்றுகள்தான். ஒருமுறை மோதிய அணிகள் திரும்ப மோதக் கூடாது. கிட்டத்தட்ட சமமான புள்ளிகள் எடுத்த அணிகள்தான் மோதணும். கறுப்பு, வெள்ளைக் காய்களும் முடிஞ்சவரை மாறி மாறிக் கிடைக்கணும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இத்தனை விதிகளுக்கும் பொருந்தும் பட்டியல் ரெடியாகணும்.

இந்த மாதிரிச் சிக்கல்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு தனிப் பாடமே இருக்கு. பேரு, 'கன்ஸ்ட்ரெயின்ட் புராசஸிங்'. நிபந்தனைகளை வெச்சு விடை தேடும் கலை. காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம் பக்கம் எம்.இ, எம்.டெக் படிக்கிறவங்க எலெக்டிவ் லிஸ்ட்ல இதைப் பார்த்துட்டு, "கணக்கு ஜாஸ்தி இருக்கும்போல"னு நகர்ந்துடுவாங்க. நகரும் முன்னாடி ஒரு நிமிஷம்!

மூணே விஷயம்தான்

முடிவு செய்ய வேண்டியவை, ஒவ்வொன்றுக்கும் இருக்கும் வாய்ப்புகள், மீறக் கூடாத நிபந்தனைகள். எந்தச் சிக்கலையும் இந்த மூணாப் பிரிச்சு எழுதுவதுதான் முதல் பாடம்.

இதுக்கு எல்லா வகுப்பிலும் சொல்லப்படும் உதாரணம் செஸ் போர்டில்தான் இருக்கு. 8 ராணிகளை ஒரே போர்டில் வைக்கணும். எதுவும் எதையும் வெட்டக் கூடாது. 1848-ல் மேக்ஸ் பெசல் என்ற ஜெர்மானியர் கேட்ட புதிர் இது. இதற்கு மொத்தம் 92 விடைகள்.

கண்ணை மூடிக்கிட்டுத் தேடினால், 64 கட்டங்களில் 8 ராணிகளை வைக்க 442 கோடிக்கும் அதிகமான வழிகள் இருக்கு. 'நெடுவரிசைக்கு ஒரு ராணிதான்' என்ற நிபந்தனையை முதலிலேயே உள்ளே கொண்டு வந்தால், அது 1,67,77,216 ஆகக் குறையும். 'கிடைவரிசைக்கும் ஒண்ணுதான்' என்று சேர்த்தால், வெறும் 40,320.

கவனிச்சீங்களா? நிபந்தனை கூடக் கூட வேலை குறையுது. 'ரூல்ஸ்னா தொல்லை'னு நினைக்கிற நமக்கு, இந்தப் பாடம் கொடுக்கும் முதல் ஷாக் இதுதான்.

யோசிக்காமலே விடை வருமா?

வரும். மூணு இன்டர்னல் டெஸ்ட். திங்கள், செவ்வாய், புதன்னு மூணு நாள். ஒரு நாளைக்கு ஒண்ணுதான். ஏ.ஐ பேப்பர் திங்கள்கிழமை மட்டும்தான் நடத்த முடியும். அப்புறம் சார் லீவு. நெட்வொர்க்ஸுக்கு திங்கள் அல்லது செவ்வாய். டேட்டாபேஸுக்கு மூணு நாளும் ஓகே.

ஏ.ஐ திங்களைப் பிடிச்சாச்சு. அதனால் நெட்வொர்க்ஸுக்கு செவ்வாய்தான் மிச்சம். அதனால் டேட்டாபேஸுக்கு புதன் மட்டும். ஒரு இடத்தில்கூட 'இப்படி வெச்சுப் பார்ப்போமா'னு ஊகிக்கவே இல்லை. ஒரு முடிவின் விளைவு அடுத்தடுத்து பரவி, வாய்ப்பில்லாததைக் கழிச்சுக்கிட்டே போகுது. இதுக்குப் பேரு 'புராபகேஷன்'. இதற்கான 'ஏ.சி-3' என்ற புகழ்பெற்ற வழிமுறையை 1977-ல் ஆலன் மெக்வொர்த் வெளியிட்டார். சுடோகு போடும்போது நாம செய்றதும் பெரும்பாலும் இதுதான்.

மாட்டிக்கிட்டா?

எல்லாச் சிக்கலும் இப்படிச் சுலபமா அவிழாது. அப்போ ஒண்ணைத் தேர்ந்தெடுத்து முன்னாடி போகணும். வழி அடைச்சா, கடைசி முடிவை மட்டும் அழிச்சுட்டு வேற முயற்சி பண்ணணும். இது 'பேக்டிராக்கிங்'.

அட்வான்ஸ்டு லெவல் இங்கேதான் ஆரம்பிக்குது. நாலாவது ராணியை வைக்கிறப்பவே தப்பு நடந்திருக்கலாம். அது ஏழாவதுல போய்த்தான் தெரியும். அப்போ ஆறாவதை மாத்தி மாத்தி வெச்சு என்ன பிரயோஜனம்? சிக்கலுக்குக் காரணமான இடத்துக்கே நேரா தாவுவது 'பேக்ஜம்பிங்'. 'இந்தக் கூட்டணி ஒத்துவராது'னு குறிச்சு வெச்சுக்கிட்டு, அதே தப்பைத் திரும்பச் செய்யாமல் தவிர்ப்பது 'நோ-குட் லேர்னிங்'. இன்றைய வேகமான சால்வர்களின் உயிர்நாடியே இந்தப் பழக்கம்தான்.

இன்னொரு டிப்ஸும் உண்டு. குறைவான வாய்ப்பு இருப்பதை முதலில் முடிவு செய். ஈ.சி.ஆர் டிரிப் பிளான் பண்றப்போ, எப்பவும் ஃப்ரீயா இருக்கிற நண்பன்கிட்ட முதலில் டேட் கேட்பீங்களா, மாசத்துல ஒரே ஒரு ஞாயிறு லீவு கிடைக்கிறவன்கிட்ட கேட்பீங்களா? அதேதான்.

சாட்பாட் காலத்தில் இது எதுக்கு?

சாட்பாட்கிட்ட டைம்டேபிள் கேட்டால், அழகா ஒண்ணு போட்டுக் கொடுக்கும். ஒரே நேரத்தில் ஒரே ஆசிரியருக்கு ரெண்டு வகுப்பு விழுந்திருக்கான்னு நீங்கதான் உட்கார்ந்து செக் பண்ணணும். கன்ஸ்ட்ரெயின்ட் சால்வர் கொடுக்கும் விடை, நீங்க எழுதின எந்த நிபந்தனையையும் மீறாது. அதைவிட முக்கியம், முழுசாத் தேடும் சால்வரால் 'விடையே கிடையாது' என்றும் நிரூபிக்க முடியும். மூணுக்கு மூணு கட்டத்தில் 3 ராணிகளை வைக்கவே முடியாது. எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும் முடியாது. நர்ஸ்களின் ஷிஃப்ட், ஒற்றை ரயில் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் எந்த ஸ்டேஷனில் விலகுவது போன்ற இடங்களில், இந்த உறுதிதான் தேவை.

அதுக்காக இது மந்திரக்கோல் இல்லை. சிக்கல் பெருசாகப் பெருசாக, தேட வேண்டிய வழிகள் கட்டுக்கடங்காமல் பெருகும். நிபந்தனையைத் தப்பா எழுதினால், விடையும் அச்சு அசலாத் தப்பாத்தான் வரும். அதனால, கோடிங்கைவிட, சிக்கலைச் சரியா எழுதிப் பழகத்தான் இந்தப் பாடத்தில் அதிக நேரம் ஆகும்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

ஐ.ஐ.டி மெட்ராஸில் பேராசிரியரா இருந்தப்போ தீபக் கேமானி இந்தப் பாடத்தை நடத்திய என்.பி.டி.இ.எல் வீடியோக்களை இலவசமாவே பார்க்கலாம். புத்தகம்னா, ரினா டெக்டர் 2003-ல் எழுதிய 'கன்ஸ்ட்ரெயின்ட் புராசஸிங்'. செய்து பார்க்க 'மினிசிங்க்', கூகுளின் 'ஓ.ஆர்-டூல்ஸ்' ரெண்டும் இலவசம். ஓரளவு பைத்தான் தெரிஞ்சா ஓ.ஆர்-டூல்ஸுக்குப் போதும்.

அதுக்கும் முன்னாடி, பீச் - செங்கல்பட்டு ரயிலில் உட்கார இடம் கிடைச்சா, நாலுக்கு நாலு கட்டம் வரைஞ்சு 4 ராணிகளை வெச்சுப் பாருங்க. விடைகள் ரெண்டே ரெண்டுதான். ஒரு க்ளூ: மூலையில் மட்டும் ஆரம்பிக்காதீங்க!